நமக்கென்று ஒரு வீடு



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, ஒரு பெரியவர் எங்களைத் தேடி வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு, மகனோடு வாடகை வீட்டில் இருப்பவர். தகப்பனும் மகனும் சேர்ந்து கிள்ளானுக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறார்கள். அதில் வீடு கட்டுவதற்குக் குத்தகையாளர் எழுதிக் கொடுத்த கணக்குத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார்.

"வாத்தியாரே, இதைக் கொஞ்சம் பாருங்க. கம்பிக்கு இவ்வளவு, சிமிண்டுக்கு இவ்வளவுன்னு போட்டிருக்காரு. மூணு அறை வீட்டுக்கு இத்தனை கம்பி எதுக்கு? செங்கல்லை அடுக்கி மேலே தகரத்தைப் போட்டா நிக்காதா? கம்பியைக் குறைச்சா இன்னொரு அறைகூடக் கட்டலாமே!" என்றார்.

கேட்டது நியாயமான கேள்வி. உழைத்துச் சேர்த்த காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் சொன்ன பதிலையே இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகின்றோம்.

நம்மில் பெரும்பாலோர் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு, பன்னிரண்டு வீடு. அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நம் வீட்டில் தும்மல் வரும். ஆனாலும் அந்த வீட்டுக்காக நாம் செங்கல் சுமந்ததில்லை, மணல் வாங்கியதில்லை. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொன்னோம். தோட்டத்துத் தச்சர் வந்தார், அல்லது வரவில்லை. வீடு என்பது வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனபோது வீடும் போயிற்று. அதனால் வீடு கட்டும் அறிவு நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரவில்லை. பால் வெட்டும் கையின் நுணுக்கம் நம் பாட்டனுக்குத் தெரியும்; அத்திவாரம் தோண்டும் முறை தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அழகு.

தோட்டத் தொழிலாளி சொந்தமாக நிலமும் வீடும் பெற முடியுமா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1950-ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, போக்கிடம் தெரியாமல் நம்மவர் தவித்தனர். அந்த வேளையில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். சிறு தொகைகள் ஒன்று சேர்ந்தால் நிலமாகும் என்று காட்டியது அந்த முயற்சி. நிலம் கிடைத்த பின் அதன்மேல் எழும் வீடும் நிலைத்து நிற்க வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு பழைய வரலாற்றைச் சொல்வது பொருத்தமாகும். கோலாலம்பூர் ஒரு காலத்தில் பலகையாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன ஊர். 1881-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீப்பற்றி ஊரின் பெரும் பகுதி சாம்பலாயிற்று. அதே ஆண்டில் வெள்ளமும் வந்து அழித்தது. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்ட வேண்டுமென ஏற்பாடு செய்தார். அதற்கு வேண்டிய செங்கல்லை அறுத்துச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். செங்கல் வயல் என்பது அந்தப் பெயரின் பொருள். இன்று நாம் பூ வாங்கவும் புடவை வாங்கவும் போகின்ற அந்தத் தெருக்களின் மண்ணே ஒரு நகரத்தின் சுவராக எழுந்தது. அனுபவத்தில் அடிபட்ட பிறகே மனிதன் நல்ல வீடு கட்டக் கற்றுக்கொண்டான் என்பதற்கு நம் தலைநகரமே சாட்சி.

செங்கல் நல்ல பொருள். அப்படியானால் கம்பியும் கான்கிரீட்டும் எதற்கு? அதைத்தானே பெரியவர் கேட்டார்!

அவருக்கு விளக்க எங்கள் கையில் இருந்தது ஒரு சுண்ணக்கட்டி. அதை மேசை மேல் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தச் சொன்னோம். சுண்ணக்கட்டி உடையவில்லை. பிறகு அதே சுண்ணக்கட்டியை இரு முனையிலும் பிடித்து மெல்ல வளைக்கச் சொன்னோம். 'டக்'கென்று முறிந்துவிட்டது. அடுத்து ஓர் அழிரப்பரை எடுத்து, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பேனாவால் சில கோடுகள் இழுத்து வளைத்துக் காட்டினோம். வளைவின் உட்புறத்தில் கோடுகள் நெருங்கின, வெளிப்புறத்தில் விலகின. நேயர்களே, இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுடன் நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பொருள் வளையும்போது அதன் ஒரு பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது.

கான்கிரீட்டும் செங்கல்லும் சுண்ணக்கட்டியின் சாதி. அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் எளிதில் விட்டுவிடும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கும் வலிமை. இரும்பு அப்படியன்று, இழுத்தாலும் அசையாது. எனவே இழுபடும் இடத்தில் இரும்பை வைத்து, நசுங்கும் இடத்தைக் கான்கிரீட்டிடம் விட்டால் இரண்டும் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. வெயிலில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரிகின்றன. ஆகவே ஒன்றை ஒன்று பிரிந்து போவதில்லை. நல்ல கணவன் மனைவியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதைப் பெயர்பெறச் செய்தவர் யார் தெரியுமா? ஒரு தோட்டக்காரர். பிரான்சு நாட்டைச் சேர்ந்த யோசப் மோனியே என்பவர், செடி வைக்கும் சிமிண்டுத் தொட்டிகள் அடிக்கடி வெடிப்பதைக் கண்டு, அவற்றின் உள்ளே இரும்புக் கம்பி வலையை வைத்து வார்த்தார். 1867-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் 1892-இல் பிரான்சுவா என்னபிக் என்ற கட்டுமான வல்லுநர், தூண், விட்டம், தளம் மூன்றையும் கம்பியோடு ஒன்றாக இணைத்து வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் சட்டக வீடு அந்த வழியில் வந்ததே. நமது அண்டை நாடான தாய்லாந்தின் நாட்டுப்புறங்களிலும் மரக்கால்களின் மேல் நின்ற வீடுகளுக்குப் பதிலாக இப்போது கான்கிரீட் தூண் வீடுகள் எழுகின்றன. ஆனாலும் முதல் தூணை நல்ல நேரம் பார்த்து நாட்டி வழிபடும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. நாம் நிலைக்கால் வைக்கும்போது மஞ்சள் குங்குமம் இடுகிறோம் அல்லவா, அதுபோல.

சட்டக வீடு என்பது நம் உடம்பைப் போன்றது. எலும்புக்கூடு பாரத்தைத் தாங்குகிறது. தசை அதைப் போர்த்துகிறது. கூரையின் பாரம் விட்டத்துக்கு வருகிறது. விட்டம் அதைத் தூணுக்குக் கொடுக்கிறது. தூண் அத்திவாரத்துக்கு இறக்குகிறது. அத்திவாரம் மண்ணுக்குப் பகிர்ந்தளிக்கிறது. செங்கற்சுவர் இடையில் அடைப்பாக நிற்கிறது. அது கூரையைச் சுமப்பதில்லை. ஆகையால், இத்தகைய வீட்டில் சுவரில் சன்னல் வைக்கலாம், கதவை இடம் மாற்றலாம். ஆனால் வாசலை அகலப்படுத்துகிறோம் என்று தூணைக் கொத்துவதும், குழாய் போக வழி வேண்டுமென்று விட்டத்தில் துளையிடுவதும் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும். எது தூண், எது வெறுஞ்சுவர் என்று தெரியாமல் சுத்தியலை எடுக்கவே கூடாது. எல்லா வீடும் சட்டக வீடு அல்ல. சுவரே பாரம் சுமக்கும் வீடுகளும் உண்டு.

இனி, எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கின்றோம். எங்கள் மூத்த அண்ணன் தோட்டத்து வேலையை விட்டபின் கிள்ளானில் ஒரு சிறிய தொடர்வீடு வாங்கினார். சமையற்கட்டு குறுகலாக இருக்கிறது என்று பின்புறம் நீட்டிக் கட்ட விரும்பினார். தெரிந்தவர் ஒருவர் மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னார். வரைபடம் இல்லை, அனுமதி இல்லை, மூன்றே வாரத்தில் வேலை முடிந்தது. வெள்ளை ஓடு பதித்து மினுக்கென்று இருந்தது. பால் காய்ச்சிய அன்று, "அழகாக இருக்கிறது அண்ணே" என்று சொன்னவர்களில் நாங்களும் ஒருவர்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. பழைய வீடும் புதிய சமையற்கட்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஆண்டு திரும்புவதற்குள் அதில் விரல் நுழைந்தது. பின்கதவு சாத்த முடியவில்லை. மழை வந்தால் வெடிப்பின் வழியே தண்ணீர் அடுப்படிக்கே வந்தது.

"அண்ணே, அடியில் என்ன போட்டார்கள்?" என்று கேட்டோம்.

"கல்லும் மண்ணும் கொட்டி இடிச்சாங்க தம்பி. மேலே நல்லாத்தான் பூசினாங்க" என்றார்.

நேயர்களே, கிள்ளான் வட்டாரத்தின் கடலோரப் பகுதி மண் மென்மையான சேற்றுக்களிமண். மேலே காலால் மிதித்தால் கெட்டியாகத் தெரியும். பாரம் ஏறினால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அமிழும். அதனால்தான் இங்கே முறையாகக் கட்டும் வீடுகளுக்கு அடியில் முளைக்கழிகளை அடித்து இறக்குகிறார்கள். முன்பு அலையாத்திக் காட்டின் பாக்காவு மரக்கழிகளை அடித்தார்கள். இப்போது கான்கிரீட் முளைகளும் உண்டு. அண்ணனின் பழைய வீடு முளையின் மேல் நின்றது. சமையற்கட்டோ வெறும் மண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒன்று நிற்க, மற்றொன்று அமிழ, இரண்டும் பிரிந்தன. பூச்சும் ஓடும் எத்தனை முறை ஒட்டினாலும் அந்தப் பிளவு மூடவில்லை. கடைசியில் இடித்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அந்தப் பிள்ளை ஓராண்டு படிப்பைத் தள்ளிப்போட்டு வேலைக்குப் போனாள். "அழகாக இருக்கிறது" என்று சொன்ன எங்கள் வாய், "அடியில் என்ன இருக்கிறது?" என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். அந்தக் குறை இன்னும் எங்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை. இன்று இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே முதல் பாடம் இது: வீட்டின் மதிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது. மண்ணுக்கு அடியிலும் கான்கிரீட்டுக்கு உள்ளேயும் இருப்பதில் காசைக் குறைக்காதீர்கள். ஓட்டிலும் வாசற்கதவிலும் குறைத்துக்கொள்ளலாம். அவற்றைப் பின்னர் மாற்ற முடியும். தூணுக்குள் விட்டுப்போன கம்பியைப் பின்னால் செருக முடியாது.

இனி, வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்வோம். கம்பி எத்தனை, எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறியாளர் வரைபடத்தில் குறித்திருப்பார். அதை நாம் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வரைபடத்தில் நான்கு என்றிருந்தால் தூணுக்குள் நான்கு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க எவருக்கும் முடியும். நெடுங்கம்பிகளைச் சுற்றி வளையக் கம்பிகள் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவை விறகுக்கட்டின் கயிற்றைப் போலக் கம்பிகளை ஒன்றாகப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றின் இடைவெளியையும் அளந்து பாருங்கள்.

கம்பி பலகையை ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. இடையில் சிறு சிமிண்டுக் கட்டைகளை வைத்து, கம்பியைச் சுற்றிலும் கான்கிரீட் மூடும்படி செய்ய வேண்டும். வீட்டின் தூண் விட்டங்களுக்குப் பொதுவாக ஓர் அங்குலம். மண்ணுக்குள் போகும் அத்திவாரத்துக்கு அதைப்போல் இரண்டு பங்கோ அதற்கு மேலோ. இந்தப் போர்வை குறைந்தால் ஈரம் உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். கடல் மணலை மலிவு என்று வாங்கிக் கலந்தால், அதிலுள்ள உப்பும் இதே கேட்டைச் செய்யும்.

அடுத்தது தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் கொட்டுவது எளிது. அதனால் வேலையாட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதைக் காணலாம். இதுதான் பெரிய திருட்டு. சிமிண்டைத் திருடினால் மூட்டை குறையும். தண்ணீரைக் கூட்டினால் வீட்டின் பலம் குறையும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது உள்ளே பொடிப்பொடித் துளைகளை விட்டுச் செல்கிறது. இட்லி மாவில் தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், கான்கிரீட்டும் அப்படியே. கொட்டிய கலவையைக் குத்திக் குத்தி, அல்லது அதிர்வுக் கருவி கொண்டு, உள்ளே காற்று நிற்காமல் இறுக்கவும் வேண்டும்.

ஆனால் கொட்டி முடித்து இறுகிய பிறகு தண்ணீர் வேண்டும்! இது பலருக்குப் புதிராகத் தோன்றும். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமிண்டும் நீரும் கூடி விளைவதால் கெட்டியாகிறது. ஆதலால் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரச் சாக்குப் போட்டு நனைத்துவர வேண்டும். நம் நாட்டு வெயிலில் இதை மறந்தால் மேற்பரப்பு வெடிக்கும். பொறியாளர்கள் கான்கிரீட்டின் முழு வலிமையை 28-ஆம் நாளில்தான் சோதிக்கிறார்கள். எனவே விட்டத்தின் அடிப்பலகையையும் முட்டுக்கழிகளையும் அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுப்பது நல்லது. பொறியாளர் சொன்ன பிறகு பிரிக்கட்டும்.

கூரைக்கு இப்போது மரச்சட்டத்துக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய இலேசான எஃகுச் சட்டங்கள் வந்துவிட்டன. கரையானுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பற்றவைத்த இடங்களில் பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே துருத் தடுப்பு வண்ணம் பூசச் சொல்லுங்கள். காற்று கூரையைத் தூக்காதபடி சட்டங்கள் விட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வடிகாலை மறக்க வேண்டாம். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 பேர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. பின்னாலிருந்த மலைச்சரிவின் மண் மழைநீரில் ஊறி நழுவியதே அந்தக் கொடுமைக்கு வழிவகுத்தது. மழைநீர் போக வழி செய்யாத வீடு, எவ்வளவு கம்பி போட்டாலும் ஆபத்தானதே.

இனி, காகித வேலை. அதைக் கண்டு அஞ்சாதீர்கள். அது நமக்குப் பாதுகாப்பு. நிலம் வாங்குமுன் நில அலுவலகத்தில் கிராண்டைச் சோதித்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எத்தனை பேருக்குப் பங்கு, கடன் ஏதும் உண்டா என்பவை தெரியும். நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா என்பதையும் கேளுங்கள். விவசாய நிலத்தில் விரும்பியபடியெல்லாம் வீடு எழுப்ப முடியாது. 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி, கட்டத் தொடங்குமுன் வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். வேலை முடிந்ததும், வரைபடத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ நிறைவு, இணக்கச் சான்றிதழ் தருவார். 2007 முதல் இதுவே நடைமுறை. அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே குடிபுகுதல் முறை.

ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கவும் கட்டவும் பணம் எடுக்க வழியுண்டு. முன்பு இரண்டாம் கணக்கு என்றார்கள். 2024 மே மாதம் முதல் அதற்குச் செஜாத்தெரா கணக்கு என்று பெயர். அதற்கும் முறையான பத்திரங்கள் வேண்டும். குத்தகையாளரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் பெறுங்கள். அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, தூண் எழுந்தால் இவ்வளவு, கூரை ஏறினால் இவ்வளவு என்று பகுதி பகுதியாகவே பணம் கொடுங்கள். கான்கிரீட் கொட்டுமுன் கம்பிக் கட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். இந்த வேலைக்குப் பள்ளிப் பிள்ளையே போதும். பின்னால் வழக்கு வந்தாலும், வீட்டை நீட்ட நினைத்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் படம் பேசும்.

அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முறிந்த சுண்ணக்கட்டியின் இரு துண்டையும் கையில் வைத்துச் சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப கம்பியைக் குறைக்கச் சொல்லக் கூடாது. அறையைக் குறைச்சுக்கலாம். ரெண்டு அறை போதும் வாத்தியாரே. பக்கத்துல இடம் விட்டு வைப்போம். மூணாவதைப் பேரன் கட்டட்டும், அவனுக்கும் அடியில முளை அடிக்கச் சொல்லி எழுதி வச்சிடுறேன்" என்றார்.

அந்தக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில், குத்தகையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக் கொடுத்தோம். மண் சோதனை செய்தீர்களா? முளை எத்தனை? வரைபடத்துக்கு அனுமதி வந்துவிட்டதா? கான்கிரீட் கொட்டும் நாளில் யார் வந்து பார்ப்பார்? கூச்சமின்றிக் கேளுங்கள், நேயர்களே. கேட்பதால் எவரும் நம்மைத் தாழ்வாக நினைக்க மாட்டார்கள். பிறர் கட்டிக் கொடுத்த லயத்தில் இருந்தபோது கேட்க நமக்கு இடமில்லை. இது நம் காசு, நம் வீடு.